நொடிக்கு ஐம்பது

"இது திருட்டு ஆட்டம்!"

ஃபாபியான் மேசையில் ஓங்கி அடித்தான். மாத்தே டீக் குவளை எகிறி விழுந்தது.

புள்ளிப் பட்டியலில் முதல் இடம் இரண்டு வருடமாக அவனுடையது. அன்று சனிக்கிழமை மதியம் மிர்த்தா அதைப் பறித்துவிட்டாள். பன்னிரண்டாயிரம் புள்ளி அதிகம்.

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் எங்கள் பேட்டைச் சங்கத்தின் பின்னறை அது. பதினைந்து பேர் இருக்கிறோம். பழைய வீடியோ விளையாட்டுகளை உள்ளங்கை அளவுக் கணினிப் பலகையில் ஓடவைக்கிற மென்பொருளை நாங்களே எழுதுகிறோம், கேட்டவருக்குச் சும்மா கொடுக்கிறோம். சனிக்கிழமைதோறும் கூடுவது, அவரவர் வீட்டில் ஆடுவது, மாதக் கடைசியில் பலகை இருக்கும் பெட்டியைத் தூக்கி வந்து புள்ளியைக் காட்டுவது. சங்கம் அவ்வளவுதான்.

"நாள் பூரா பஸ் ஓட்டறவளுக்கு ஆட எப்ப நேரம் கிடைச்சுதாம்?" என்றான் ஃபாபியான்.

"சிவப்பு விளக்குல நிக்கும்போது ஆடினேன்" என்றாள் மிர்த்தா.

எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்கடா! பெரியவரே, அவ பெட்டியைத் திறந்து பாருங்க. கண்டிப்பா ஐம்பதுல ஓட விட்டிருப்பா."

சிரிப்பு நின்றது.

ஆட்டத்தில் நொடிக்கு அறுபது படம் ஓட வேண்டும். அமைப்பில் ஐம்பது என்று மாற்றினால் எல்லாம் மந்தமாகிவிடும். எதிரி விமானம் எருமை மாதிரி அசைந்து வரும். கண்ணை மூடிக்கொண்டு சுடலாம். எங்களிடம் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. பிடிபட்டால் பட்டியலில் பெயர் இருக்காது. அதோடு, ஒரு வருடம் சனிக்கிழமைதோறும் கரி அடுப்பு மூட்டி எல்லோருக்கும் சோரிசோ என்கிற இறைச்சி சாசேஜ் சுட்டுப் போட வேண்டும்.

"பார்த்தா ரெண்டு பெட்டியையும் பார்ப்பேன்" என்றேன்.

"தாராளமா பாருங்க! எனக்கென்ன பயம்?"

சொல்லிவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பி நேர்மையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். முன்வரிசையில் அவன் மகள் ஐலென். எட்டு வயது. வெள்ளைச் சட்டையில் கறுப்பு மையால் தானே எழுதிக்கொண்டு வந்திருந்தாள்: 'எங்கப்பா நம்பர் 1'.

எந்த ஆட்டம் எந்த வேகத்தில் ஓடியது என்று மென்பொருள் குறித்து வைக்கும். அந்தப் பகுதியை எழுதியவன் நான். இரண்டு பெட்டியையும் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். மிர்த்தா புதிதாக மாத்தே ஊற்றி எடுத்துக்கொண்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். திரையைப் பார்த்தாள். அப்புறம் முன்வரிசையைப் பார்த்தாள்.

"ஒரு பெட்டி ஐம்பதுல ஓடியிருக்கு" என்றேன். "அது யாருதுன்னா..."

திறந்த என் வாயில் மிர்த்தா மாத்தே உறிஞ்சும் குழலைச் செருகினாள். மறு கையால் மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை அணைந்தது.

"என்னுதுதான்" என்றாள். "பிடிபட்டுட்டேன். கரி மூட்டை எங்க இருக்கு?"

ஒரே கூச்சல். ஃபாபியான் நாற்காலி மேல் ஏறிவிட்டான்.

"நான் சொன்னேனா இல்லையா! மூக்குலயே தெரியும்டா எனக்கு! பாத்தியா ஐலென், ஏமாத்தி ஜெயிச்சா இப்படித்தான்."

"அப்பா, ஐம்பதுன்னா எப்படிப்பா இருக்கும்?"

"வீட்டுக்கு வா, காட்டறேன்."

மிர்த்தாவின் பெயரை அழித்தோம். அவள் முணுமுணுக்காமல் அடுப்பு மூட்டினாள். முதல் சோரிசோவை ஃபாபியானுக்குத்தான் கொடுத்தாள். அவன், "கருகிப்போச்சு" என்றான்.

அடுத்த சனிக்கிழமை மிர்த்தா பேருந்திலிருந்து இறங்கும்போது நானும் வாசலில் இருந்தேன். உள்ளிருந்து ஏற்கெனவே புகை வந்துகொண்டிருந்தது.

அடுப்பு எரிகிறது. எதிரே ஃபாபியான். முகமெல்லாம் கரி.

"என் வேலையில எதுக்குடா கை வைக்கறே?" என்றாள் மிர்த்தா.

அவன் நிமிரவில்லை.

"ஐம்பதுன்னா எப்படி இருக்கும்னு பொண்ணு கேட்டாள்ல. காட்டலாம்னு வீட்டுல என் பெட்டி அமைப்பைத் திறந்தேன்."

"சரி."

"ஏற்கெனவே ஐம்பதுல இருந்துச்சு."

மிர்த்தா குனிந்து ஒரு கரித்துண்டை அடுப்புக்குள் தள்ளினாள்.

"பழைய டிவில படம் ஆடுதேன்னு ரெண்டு வருஷம் முன்னாடி மாத்தினேன். திருப்பி வைக்க மறந்தே போச்சு." ஒரு சோரிசோவைப் புரட்டினான். "நான் முதல் இடத்துக்கு வந்ததும் அப்பதான்."

"அறுபதுல ஆடிப் பாத்தியா?"

"பாத்தேன். முதல் கட்டமே தாண்டலை."

என் பக்கம் திரும்பினான்.

"இவ பெட்டி அறுபதுலதான் இருந்திருக்கு. உங்களுக்கு அன்னிக்கே தெரியும். சொல்ல வேண்டியதுதானே பெரியவரே?"

"வாயில குழல் இருந்துச்சு" என்றேன்.

"நீ ஏன் பழியை ஏத்துக்கிட்டே?" என்று மிர்த்தாவிடம் கேட்டான்.

"உன் மூஞ்சிக்காகன்னு நினைச்சுக்காதே" என்றாள். அடுப்புக்கு அந்தப் பக்கம் மோவாயால் காட்டினாள்.

ஐலென் அட்டையால் கரியை விசிறிக்கொண்டிருந்தாள். போன வாரம் போட்டிருந்த அதே சட்டை. அதே கறுப்பு மையால் 1-ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 2 என்று எழுதியிருந்தாள்.