மிச்சமான ஒரு திடீர்

மாலைப் பத்திரிகையின் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே ஆசிரியர் சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டார்.

"ஒரே பக்கத்துல ஒன்பது 'திடீர்' போட்டிருக்கீங்களே, உங்களுக்கே அடுக்குமா? திடீர் மழை, திடீர் பள்ளம், நடிகை திடீர் கல்யாணம்! போன மாசமே நமக்கு அழைப்பு வந்தாச்சு, அப்புறம் என்னய்யா திடீர்?"

உதவி ஆசிரியர் தலையைச் சொறிந்தார். இருபது வருடமாக அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது.

எட்டை அடித்துத் தள்ளிய பேனா ஒன்பதாவதில் நின்றது. 'மருத்துவமனையில் அமைச்சர் திடீர் ஆய்வு. ஊழியர்கள் திகைப்பு.'

"இது ஒண்ணுதான் நியாயமான திடீர். இருந்துட்டுப் போகட்டும்."

தொலைபேசி அடித்தது. உதவி ஆசிரியர் எடுத்தார். மறுமுனையில் மருத்துவமனைக் கண்காணிப்பாளர்.

"சார், நியூஸ் அச்சுக்குப் போயிடுச்சா? மூணு மணிக்கு வர வேண்டிய அமைச்சர் இன்னிக்கு வரலையாம், நாளைக்குத்தான் வர்றாராம். திகைக்கிறதுக்குன்னு முப்பது பேரை வரிசையா நிக்க வெச்சிருக்கேன், வீட்டுக்கு அனுப்பிடட்டுமா?"

உதவி ஆசிரியர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார்.

"சார், அந்த நியாயமான திடீரை நாளைக்கு வெச்சுக்கலாமாம்."