முழங்காலில் செம்மண்

எல்லோரும் கைதட்டினார்கள். அவனும் தட்டினான்.

பெரிய மரத்தொட்டி நிறையச் செம்மண். அதன் மேல் ஓர் இயந்திரக் கை. கையின் நுனியில், ஒருவழியாக மண்ணைவிட்டு வெளியே வந்துவிட்ட துளைக்கோல்.

இதன் இரட்டை செவ்வாயில் இருக்கிறது.

அங்கே தோண்டப் போன கோலை மண் கவ்விக்கொண்டது. கோலோடு கை மாட்டியது. கையோடு மொத்த ஆய்வு வண்டியும் மாட்டியது. குளிர்காலத்துக்குள் விடுபடாவிட்டால் நின்ற இடத்திலேயே கிடந்து சாக வேண்டியதுதான்.

போய் இழுத்துவிட அங்கே ஆள் ஏது?

அதனால் இந்தக் கூடத்தில் அதேபோல மண்ணைக் கொட்டி, அதே ஆழத்தில் கோலைச் சிக்கவைத்து, எப்படி இழுத்தால் வரும் என்று வாரக்கணக்கில் பார்த்தார்கள். ஒரே ஒரு விதி. தொட்டியில் யாரும் கை வைக்கக் கூடாது.

மெதுவாக இழுத்தால் அசையவே இல்லை. வெடுக்கென்று இழுக்கலாம் என்று சொன்னவன் அவன்தான். மண் விட்டுக்கொடுக்காவிட்டால் இயந்திரக் கை முறிந்துவிடும். தெரிந்துதான் சொன்னான்.

இன்று இழுத்தார்கள். வந்துவிட்டது.

கட்டளை அப்போதே செவ்வாய்க்குப் புறப்பட்டது. போய்ச் சேர்ந்த உடனே வேலை நடக்காது. அந்தக் குளிரில் முதலில் மோட்டார் சூடேற வேண்டும். அது சாவகாசமாகத்தான் ஏறும். பிறகுதான் இழுக்கும்.

யாரோ மைசூர்பாகு நீட்டினார்கள். வாயில் போட்டுக்கொண்டு குனிந்தவன் தன் கால்சட்டையைப் பார்த்தான்.

வலது முழங்காலில் வட்டமாகச் செம்மண்.

விரலால் தொட்டுப் பார்த்தான்.

இழுத்த நேரத்தில், எட்டிப் பார்க்கும் ஆசையில் முன்னால் சாய்ந்திருந்தான். முழங்கால் தொட்டியின் மண் படிந்த பலகையில் இடித்தது. பலகை அதிர்ந்தது. உப்பு ஜாடியில் மாட்டிக்கொண்ட கரண்டி, ஜாடியை ஒரு தட்டுத் தட்டியதும் வந்துவிடுமே, அப்படித்தான் வந்திருக்கிறது கோல்.

கை வைக்கக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். காலைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

செவ்வாயில் இடிப்பதற்கு முழங்கால் இல்லை.



இன்னும் நேரம் இருக்கிறது. நிறுத்தச் சொல்லி இப்போதே ஒரு கட்டளை கிளம்பினால், மோட்டார் சூடேறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கு உத்தரவு போடக்கூடியவர் ஒருவர்தான். திட்டத் தலைவர் ஞானசிகாமணி.

நடந்தான். ஒருவர் கட்டிப்பிடித்தார். ஒருவர் அவனைத் தூக்கவே பார்த்தார். விலக்கிக்கொண்டு நடந்தான். பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. இருந்தாலும் சொல்லிவிட வேண்டும்.

ஞானசிகாமணி தொட்டியின் மறுபக்கம் நின்றிருந்தார். சோதனை நடந்தபோதும் அங்கேதான் நின்றார், அவனுக்கு நேர் எதிரே. இப்போதுதான் போனில் பேசி முடித்திருந்தார்.

“சார்...”

அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்வை நேராக முழங்காலுக்குப் போனது.

அத்தனை பேர் நடுவில் அந்தப் பெரிய மனிதர் குனிந்தார். அவன் கால்சட்டையிலிருந்த மண்ணைத் தன் கையாலேயே தட்டிவிட்டார். சரியாகப் போகவில்லை என்று மறுபடியும் தட்டினார்.

“மேலிடத்துல வெற்றின்னு சொல்லியாச்சு, தம்பி.”

நிமிர்ந்து அவன் கையைப் பிடித்தார். எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தினார்.

கூடம் மறுபடியும் கைதட்டியது.

அவன் கையை மெதுவாக இழுத்துப் பார்த்தான்.

வரவில்லை.