எங்கள் வீட்டு மிசோ

மொரியோவின் கண்களைக் கட்டியது முரோசே. கூட்டுறவுச் சங்கத்து எழுத்தர். மிசோ திருவிழா என்றால் மைக் அவர் கையில்தான்.

"இறுக்கமா இருக்காண்ணே? அப்புறம் துணி வழியா எட்டிப் பார்த்தீங்கன்னு மத்த வீட்டுக்காரங்க என்னைப் பிடிச்சு உலுக்குவாங்க."

கோயில் மைதானமே சிரித்தது.

மேசைமேல் ஐந்து கிண்ணம் சூப். ஐந்திலும் அதே கடற்பாசி ஊறிய தண்ணீர், அதே தோஃபு. கரைத்திருக்கும் மிசோ, அந்தப் புளிக்கவைத்த சோயா விழுது, மட்டும் ஐந்து வீட்டுடையது. ஆண்கள் ஒவ்வொருவராக வந்து, குடித்துப் பார்த்து, தன் வீட்டு மிசோ எது என்று சொல்ல வேண்டும். பெயர்ச் சீட்டு கிண்ணத்துக்கு அடியில்.

ஐந்தையும் கரைத்து ஊற்றி வைத்தது மகளிர் குழுத் தலைவி கினுயோ. மொரியோவின் மனைவி.

முப்பத்தொரு வருடமாக அவருடைய காலை அவள் வைக்கும் சூப்பில்தான் விடிகிறது. முதல் வாயிலேயே சொல்லிவிடுவார் என்று ஊரே நினைத்தது.

கினுயோ அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றாள். அவள் தோளோடு தோளாகத் தோழி ஹிசனோ, வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிப்ரவரி வந்தால் இருவரும் ஒரே அண்டாவில்தான் சோயாவை அவிப்பார்கள். பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அவரவர் உப்பு, அவரவர் தொட்டி. ஒரு வருடம் கழித்துத் திறந்தால் ருசி வேறாக இருக்கும்.

மொரியோ முதல் கிண்ணத்தை ஒரு வாயோடு வைத்துவிட்டார்.

இரண்டாவது. "உப்பு தூக்கல்."

மூன்றாவதுக்குத் தலையை ஆட்டினார்.

நான்காவதை உறிஞ்சியதும் நின்றார். இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டார். கடைசிச் சொட்டுவரை குடித்தார். அடியில் கிடந்த தோஃபுத் துண்டைக்கூட விடவில்லை.

"இதான். எங்க வீட்டு மிசோ."

குரலில் துளி சந்தேகம் இல்லை.

முரோசே சீட்டை எடுத்துப் படித்தார். மைக்கிலேயே ஊளையிட்டார்.

"அண்ணே, கவுத்துட்டீங்களே! இது நம்ம ஹிசனோ அக்கா வீட்டோடது. உங்க வீட்டோடது மூணாவது. தலையை ஆட்டி ஒதுக்கினீங்க பாருங்க, அது!"

சாக்கே மது விற்ற கடைப் பக்கமிருந்து யாரோ கத்தினார்கள். "கிளை வெட்டப் போற இடத்துல சூப்பும் ஊத்துறாங்க போலிருக்கு!"

ஹிசனோவின் கணவர் இறந்து மூன்று வருடம். அவளுடைய ஆப்பிள் மரங்களுக்குக் கிளை வெட்டிக் கொடுப்பது மொரியோதான். போய் வெட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பி வைத்ததே கினுயோ.

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கினுயோவும் சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள்.

"ஜலதோஷம்பா. நாக்கே செத்துக் கிடக்கு." மொரியோ துணியை அவிழ்த்துவிட்டுக் கழுத்தைச் சொறிந்தார்.

ஹிசனோவின் கத்தி மட்டும் பலகைமேல் அப்படியே நின்றது. அவள் தலையை நிமிர்த்தவில்லை.

பரிசு அரிசி மூட்டை வேறு யாருக்கோ போனது.

திரும்பும்போது மொரியோ வண்டியை ஓட்டினார். ஆற்றுப் பாலம் வந்ததும், யாரும் கேட்காமலேயே, மொரியோ ஆரம்பித்தார்.

"ஒரே அண்டாவுல வெந்த பயறுதானே. யாரா இருந்தாலும் தடுமாறத்தான் செய்வாங்க."

கினுயோ குனிந்து இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வாயில் துணி கட்டியிருந்தது. முடிச்சு அவிழ்க்கப்படவில்லை.

"என்ன அது?"

"நம்ம வீட்டு மிசோ."

மொரியோ ஜாடியைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். மறுபடியும் முடிச்சைப் பார்த்தார். பாலம் முடிந்தது.

மூன்றாவது கிண்ணத்தில் அவள் கரைத்தது கடையில் வாங்கிய மிசோ. சீட்டில் மட்டும் தன் பெயரை எழுதினாள். அந்த ஐந்தில் ஒன்றுகூட அவர்கள் வீட்டுடையது இல்லை.

மழை ஆரம்பித்த மாதத்திலிருந்து அவர் காலைக் கிண்ணத்தில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போகிறார். ஏன் என்று கேட்டால் ஏதாவது பதில் சொல்வார். அந்தப் பதில் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

ஐந்தையும் குடித்துவிட்டு, "இதுல எங்க வீட்டோடது இல்லையே" என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று எதிர்பார்த்தாள். அதைக் கேட்கத்தான் காலையிலிருந்து கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.