காது கேட்காத கம்பவுண்டர்

"முதல்ல அந்த ரேடியோவை நிறுத்துங்க!"

கிளினிக்குக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கத்தினார் சுகாதாரத் துறை மேற்பார்வையாளர். கத்தாமல் பேசினால் காதில் விழாது. மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்த ரேடியோ, உரம் போடும் முறையை ஊருக்கே விளக்கிக்கொண்டிருந்தது.

கம்பவுண்டர் மாத்திரைகளைப் பொட்டலம் கட்டியபடியே தலையை மட்டும் தூக்கினார்.

"வாங்க சார். அஞ்சே நிமிஷம், நானே நிறுத்திடுறேன்."

"என்ன அஞ்சு நிமிஷம்? நீங்க இங்க உரம் போடப் போறீங்களா?"

பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். முதலில் சிரித்தவர் ரிட்டையர்டு வாத்தியார். மேற்பார்வையாளரை இங்கே வரவழைத்த புகாரை எழுதியவரே இந்த வாத்தியார்தான். அடிக்கோடெல்லாம் போட்டு நாலு பக்கம். கம்பவுண்டர் ரேடியோவை நினைத்தால் அலற விடுகிறார், நினைத்தால் அணைக்கிறார், கேட்டால் பதிலே இல்லை, ஆள் செவிடோ என்று சந்தேகம்.

மேற்பார்வையாளருக்கு இன்னொரு கோபமும் இருந்தது. பெஞ்சுக்குப் பின்னால் பிளைவுட் தடுப்பு. அதற்குள் சாட்பாட். ஊரார் வைத்த பெயர் கேள்விக்காரி. பரம்பரையாக வரும் கேன்சரைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டுமென்றால் நகரத்துக்கு நாலு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். கேள்விக்காரியோ இங்கேயே குடும்ப விவரம் கேட்டு, யாருக்கு ரத்தப் பரிசோதனை தேவை என்று சொல்லிவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக வாய்விட்டே பேசும். நாயாய் அலைந்து அதை இந்த ஊருக்கு வாங்கி வந்தவர் அவர். அதன் பக்கத்தில் போய் ரேடியோவா!

"உள்ள ஒருத்தங்க பேசிக்கிட்டிருக்காங்க. இந்தச் சத்தத்துல மெஷினுக்கு என்ன கேக்கும்?"

"மைக் வாய்கிட்டயே இருக்கு சார். கேக்கும்."

"ஆமா, உங்களுக்குத்தான் கேக்கிறதில்லையாம்!"

கம்பவுண்டர் அடுத்த பொட்டலத்தை மடித்தார். மேற்பார்வையாளரே எட்டி, பிளக்கைப் பிடுங்கினார்.

கிளினிக் கப்சிப் என்றானது. தடுப்புக்குப் பின்னால் இருந்து இனிமையான குரல் ஒன்று கணீரென்று கேட்டது.

"உங்கள் ரத்த சொந்தத்தில் யாருக்காவது கேன்சர் வந்திருக்கிறதா? அம்மா, அம்மாவுடன் பிறந்தவர்கள், உங்கள் அக்கா, தங்கை?"

பெஞ்சில் பேச்சு நின்றது. வாத்தியார் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். யாரோ இருமினார்கள்.

உள்ளே இருந்து ஒரு பெண் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"யாருக்கும் இல்லைங்க."

"நன்றி. நீங்கள் சொன்ன விவரப்படி, உங்களுக்குப் பரிசோதனை தேவையில்லை."

வெளியே வந்தவள் தையல்காரி. யார் முகத்தையும் பார்க்காமல் விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள்.

"பாத்தீங்களா? இப்ப எவ்வளவு தெளிவாக் கேக்குது!" என்றார் மேற்பார்வையாளர்.

"ஆமா சார். நல்லாக் கேக்குது."

சொல்லிவிட்டு, கம்பவுண்டர் அவரை மருந்தறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சார், என் காது நல்லாவே கேக்கும். அதான் பிரச்சினையே. இந்தம்மாவோட அம்மாவுக்கு வலி மாத்திரை கட்டிக் கொடுத்தது இந்தக் கைதான். இவங்க சித்திக்கும் நான்தான். ரெண்டு பேருக்கும் மார்புல. ரெண்டு பேருமே நாப்பதைத் தாண்டல."

மேற்பார்வையாளருக்குச் சுருக்கென்றது.

"அப்ப எதுக்கு இல்லைன்னு..."

"இந்தம்மாவுக்கு ரெண்டு பொண்ணு இருக்கு சார். பொண்ணுங்க பேரு ஊர் வாய்ல விழுந்துடுமோன்னு பயம். ரேடியோ ஓடுற வரைக்கும் தைரியமாப் பேசிக்கிட்டிருந்தாங்க."

"ஹெட்போன் குடுத்திருந்தோமே?"

"அதை மாட்டினா கேள்வி வெளிய கேக்காது, பதில் கேக்கும். காதை அடைச்சுட்டா எல்லாரும் கத்தித்தான் பேசுறாங்க."

"யோவ், இதை நான் வந்ததுமே சொல்லித் தொலைச்சிருக்கலாமேய்யா!"

"பெஞ்சுல இருக்கறவங்க முன்னாடியா? உள்ள பேசுறது வெளிய கேக்கும்னு தெரிஞ்சா அப்புறம் ஒரு ஈ காக்கா உள்ள போகாது சார். என்னைச் செவிடுன்னு சொன்னாச் சொல்லிட்டுப் போகட்டும்."

மேற்பார்வையாளர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். தையல்காரி கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அவருக்குத் தொப்பை உண்டு, மூட்டு வலியும் உண்டு. இரண்டையும் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"அம்மா! கொஞ்சம் நில்லுங்கம்மா!"

கூட்டி வந்து பெஞ்சுக்கு முன்னால் நிறுத்தி, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"மெஷின்ல சத்தம் எக்குத்தப்பா ஏறிப் போச்சு. அதான் அப்படிக் கத்தித் தொலைச்சிருக்கு. சரி பண்ணியாச்சு. நீங்க சொன்னது எதுவும் பதிவாகலம்மா. முதல்லேர்ந்து சொல்லணும்."

அவள் பெஞ்சைப் பார்த்தாள். கால் நகரவில்லை.

மேற்பார்வையாளர் ரேடியோ பிளக்கைச் சொருகி, குமிழைக் கடைசி வரை திருகினார். உரம் முடிந்து, தண்ணீர் பம்பு விளம்பரம் அலறியது. அவள் அவரையும் ரேடியோவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வாத்தியார் எழுந்து வந்தார்.

"என்ன சார் இது? நீங்களே இப்படிப் பண்ணினா எப்படி?"

"என்னது?" மேற்பார்வையாளர் காதைத் தொட்டுக் காட்டினார். "கேக்கலீங்க!"

இருபத்தைந்து நிமிடம் கழித்துத் தையல்காரி வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. ரத்தப் பரிசோதனைச் சீட்டை நாலாக மடித்துக் கைக்குள் வைத்திருந்தாள். போகிற போக்கில் மருந்து ஜன்னலைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். கம்பவுண்டர் பார்க்காத மாதிரி பொட்டலம் கட்டினார்.

மறுநாள் மேலிடத்துக்குப் போன விசாரணை அறிக்கை நாலு பக்கமெல்லாம் இல்லை. நாலே வரி:

"ரேடியோ புகார் குறித்து நேரில் சென்று விசாரித்தேன். புகார் உண்மையே. மேற்படி ரேடியோ மிகவும் பழையது, சத்தம் போதவில்லை. உடனடியாகப் பெரிய ரேடியோ ஒன்று வழங்கப் பரிந்துரைக்கிறேன்."