நாலாவது கடை

"இதே மாதிரி வேணும்மா. உடம்பு முழுக்க வெள்ளை, இடது காது மட்டும் கறுப்பு. இருக்கா?"

கைபேசியில் இருந்த முயல் படத்தை நீட்டிய பெரியவர், கடைக்குள் வந்த பிறகும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. வளர்ப்புப் பிராணிக் கடைக்காரி அதை முதலில் கவனித்துக்கொண்டாள். பேரம் பேச வருகிறவர்கள் கண்ணை மறைப்பது பழைய வித்தை. பிடித்த சரக்கைப் பார்த்ததும் கண்தானே காட்டிக்கொடுக்கும்? ஆள் லேசுப்பட்டவர் இல்லை என்று முடிவு கட்டி, மீனுக்குத் தீனி போடுவதை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கில்ல. வீட்ல ஒரு சின்னப் புள்ளை. அதோட முயல் ராத்திரி நல்லா தின்னுச்சு, குதிச்சுச்சு, காலையில பார்த்தா விறைச்சுக் கிடக்கு. என்ன ஏதுன்னே தெரியல. வெறுங்கூண்டைப் பார்த்துப் பார்த்து அழுவுது புள்ளை. மூணு கடை ஏறி இறங்கிட்டேன்."

கடைக்காரியிடம் அப்படி ஒன்று இருந்தது. வாங்க ஆளில்லாமல், அவள் செலவில் தின்று கொழுத்துக்கொண்டிருந்த முயல். தள்ளிவிட இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. எடுத்து மேசைமேல் விட்டாள்.

பெரியவர் அதைத் தடவிக் கொடுக்கவில்லை. ரோமத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். கறுப்புக் காதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கிறதே என்றார்.

"துவைச்சா சாயம் போகாது, பயப்படாதீங்க. துணிக்கடை வெச்சிருக்கீங்களா?"

"வெச்சிருந்தேன்," என்று மாட்டிக்கொண்டவர்போல் கையை எடுத்துக்கொண்டார்.

அதற்கு மேல் விலையைச் சொல்லி, கொஞ்சம் இறங்கி, பெட்டியில் போட்டுக் கட்டிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் மூஞ்சி வீங்க அழும் ஒரு சின்னப் பெண் மனதில் வந்து நின்றுகொண்டு நகர மறுத்தாள். கடைக்காரி தன் வியாபாரத்தில் தானே மண்ணை அள்ளிப் போட்டாள்.

"ஐயா, அதே மாதிரி வேணாம். ஒரே நிறம்னு ரெண்டு தடவையா துணி எடுத்தா சாயம் ஒத்துப் போகுமா? உங்களுக்குத் தெரியாததா? புள்ளை தினமும் ஒத்துப் பார்த்துக்கிட்டே இருக்கும். அது இப்படி உட்காரும், இது உட்காரலன்னு. போனதை நினைச்சு நல்லா அழட்டும். வேற நிறத்துல ஒண்ணு எடுத்துட்டுப் போங்க."

பெரியவர் கைபேசிப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு குரலை இறக்கினார்.

"இன்னொண்ணு கேக்கணும். ராத்திரி அந்தப் புள்ளை, யாருக்கும் தெரியாம அதுக்கு அரை பிஸ்கட் குடுத்துச்சாம். அதுதான் கொன்னுடுச்சோன்னு உருகுது."

"அரை பிஸ்கட்ல முயல் சாகாதுய்யா."

அரையை அவர் முக்கால் ஆக்கினார். முக்காலை முழுசாக்கினார். கடைசியில் அது கிரீம் பிஸ்கட்டே ஆனது, அதுவும் தினமும் ராத்திரி. வாங்க வந்தவரே ஏற்றிக்கொண்டு போகிற பேரத்தைக் கடைக்காரி அன்றுதான் பார்த்தாள். ஆனால் ஒரே விலையில் நின்றாள்.

"தினமும் குடுத்தா வயிறு கெடும், நல்லதில்லதான். ஆனா அதனால ராத்திரி குதிச்சது காலையில போகாது. முயலு உடம்புக்கு முடியலன்னா வெளிய காட்டிக்காது. கடைசி வரைக்கும் தின்னும், குதிக்கும், ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். உள்ள என்ன கோளாறுன்னு யார் கண்டா? புள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"மத்த கடையிலயும் இதையேதான் சொன்னாங்க," என்று பெரியவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

அந்த நேரம் பார்த்து, ஓரக் கூண்டிலிருந்த பழுப்பு முயல் ஒன்று கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டி அவர் சட்டைக் கையைக் கடித்து இழுத்தது. அவர் அதைத் திட்ட ஆரம்பித்தார். காது பழைய காலர் மாதிரி மடங்கிக் கிடக்கிறதாம். நிறமா இது, டீக்கறை. தையல் பிரிந்த மூஞ்சி. இவ்வளவு திட்டினால் பிடித்துப்போயிற்று என்று அர்த்தம். அது கடைக்காரிக்குத் தெரியாதா? இருந்தும் அந்தச் சின்னப் பெண்ணுக்காக, அவர் கேட்ட விலைக்கே கொடுத்தாள். காய்ந்த புல் ஒரு கட்டும் சும்மா எடுத்து வைத்தாள்.

பெட்டியை அணைத்துக்கொண்டு போனவர் புல்கட்டை மறந்துவிட்டார். கடைக்காரி அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். எதிர்ச் சாரியில் நின்றிருந்த காரின் பின் இருக்கையில் அவர் ஏறியிருந்தார். வண்டியை ஓட்ட உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மூக்கும் தாடையும் அப்படியே பெரியவருடையவை.

"புல்லை விட்டுட்டாரும்மா. உங்க புள்ளைகிட்டச் சொல்லுங்க, அழ வேணாம், அது மேல தப்பே இல்லைன்னு."

"எங்க வீட்ல சின்னப் புள்ளை யாருமே இல்லக்கா," என்று மகள் சிரித்தாள். "நான் கால்நடை டாக்டர். காலையிலேருந்து நானும் இதையேதான் சொல்லிட்டிருக்கேன். நாலு கடை விசாரிக்காம எங்கப்பா எதையும் நம்ப மாட்டாரு. நீங்கதான் நாலாவது கடை."

பின் இருக்கையில், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வீங்கிப்போன கண்களைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவர், மடியிலிருந்த பெட்டிக்குள் குனிந்து கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பிஸ்கட்னு மட்டும் எங்கிட்ட வாயைத் திறக்கக் கூடாது, ஆமா."