இருபத்தைந்துக்கு இருபத்தைந்து

காதுப் பரிசோதனை அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டாள். புழுக்கம்.

அவனுக்கு உயிர் வந்தது.

மாட்டியிருந்த ஹெட்போனில் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. பொத்தானை அமுக்கும்போதெல்லாம் அவள் தோள் லேசாக இறங்கியது. அதைப் பார்த்துத்தான், சத்தம் கேட்டதுபோல விரலைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

இப்போது வாய் தெரிந்தது. வாய் தெரிந்தால் போதும்.

வண்டி.

"வண்டி" என்றான்.

கதவு.

"கதவு."

பள்ளிபாளையத்துத் தறியில் இருபது வருடம். பன்னிரண்டு வயதில் உள்ளே போனவன். நாலு தறி தள்ளி நிற்பவனின் உதடு அசைந்தால் படித்துவிடுவான். அங்கே யாரும் காதை நம்பிப் பேசுவதில்லை.

நேற்று பக்கத்துத் தறி சின்ராசு வழுக்கையைத் தடவிக்கொண்டு உதட்டசைவில்தான் சொன்னான்.

"என்ற தலையில மொளைக்காதது உன்ற காதுக்குள்ள மொளைக்கப் போவுதாக்கும்."

தறி இரைச்சலில் பட்டுப்போன, காதுக்குள் ஒலியை வாங்கும் நுண்முடிகள் மறுபடி துளிர்க்குமாம். புது ஊசி. சோதனைக்கு இருபது பேரைத்தான் எடுக்கிறார்கள்.

இந்தக் காதுப் பரீட்சையில் தேறினால்தான் எடுப்பார்கள் என்று நினைத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் ஒன்றிலும் தேறாதவன்.

போன மாதம் பாப்பா தொட்டிலிலிருந்து விழுந்தாள். மனைவி சாந்தாமணி தறிக்குப் போயிருந்தாள். அவன் வாசலைப் பார்த்து உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். தொட்டில் முதுகுக்குப் பின்னால். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து தூக்கியபோதுதான் திரும்பினான்.

புருவத்தில் நாலு தையல். அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது.

சாந்தாமணி ஒரு வார்த்தை திட்டவில்லை. காது கேட்காத மனுசனை என்னவென்று திட்டுவது. இந்த ஊசிக்குப் பெயர் கொடுத்ததே அவள்தான்.

இருபத்தைந்து சொல். இருபத்தைந்தும் சரி. கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

டாக்டர் முகக்கவசத்தை இறக்கவில்லை. தாளைப் பார்த்தபடி சாந்தாமணியிடம் என்னவோ சொன்னார்.

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

வராந்தாவுக்கு வந்ததும் அவள் நின்றாள். இடுப்பில் பாப்பா.

"காது நல்லாத்தான் கேக்குதாமா. ஊசி வேண்டாமாமா."

பாப்பாவின் புருவத் தழும்பைத் தடவினாள். பிறகு அவனை நேராகப் பார்த்தாள்.

"அப்பறம் அன்னிக்கு, தொண்ட கட்டற மட்டும் கத்துனாளே. ஏனுங்க மாமா திரும்பல?"

"இல்ல சாந்தா, நா வாயப் பாத்து..."

அவள் திரும்பி நடந்தாள். நடந்தபடியே ஏதோ சொல்லிக்கொண்டு போனாள். முதுகு குலுங்கியது.

தோளுக்கு மேல் பாப்பாவின் முகம் தெரிந்தது. வாய் அகலத் திறந்திருந்தது.