வைத்தியர் வீடுகள்

நாவல்களில் வரும் இல்லாத நாடுகளுக்கு வரைபடம் போட்டுத் தருவது ஜெபராணியின் வேலை. இந்த முறை மலையும் ஆறும் சரியாக இருந்தன. ஆனால் எல்லா ஊரிலும் ஒரு வைத்தியர் வீடு வரைந்திருந்தாள்.

"என்ன மேடம், ஊருக்கு ஒரு வைத்தியரா? வழியிலேயே குழந்தை சாகணும். அப்பதான் கதை நகரும்," என்றார் நாவலாசிரியர் போனில். "ஒண்ணே ஒண்ணு போதும். எட்டாத தூரத்துல வையுங்க."

"சரிங்க சார்."

ஒவ்வொரு வீடாக அழித்தாள். மிஞ்சிய ஒரு வீட்டுக்கும் குழந்தையின் ஊருக்கும் நடுவே ஸ்கேலை வைத்து அளந்தாள். வரைபடக் கணக்கில் பதினேழு கிலோமீட்டர் வந்தது. அவளும் ஒருமுறை மகனை மடியில் கிடத்திக்கொண்டு அவ்வளவு தூரம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போயிருக்கிறாள்.

"பதினேழு கிலோமீட்டர் வச்சிருக்கேன் சார்," என்று அவருக்கு எழுதினாள். "எட்டாது."